திரும்பி வந்த விடைத்தாளிலிருந்து தொடங்குங்கள்

திருத்திய விடைத்தாள்களை வகுப்பில் கொடுக்கும்போதெல்லாம் ஒரே காட்சியைத்தான் 19 வருடங்களாகப் பார்க்கிறேன். தாளை வாங்கியதும் கண் நேராக மேல் மூலைக்குப் போகும். அங்கே சிவப்பில் இருக்கும் எண்ணைப் பார்த்து முகம் மலரும், இல்லை வாடும். "உனக்கு எவ்வளவு?" என்று பக்கத்தில் ஒரு கேள்வி. அப்புறம் தாள் நாலாக மடிந்து பைக்குள் போய்விடும். அதோடு சரி, மறுபடி வெளியே வராது.

நான் கணக்கு ஆசிரியை. பெரும்பாலும் பள்ளியின் கடைசி இரண்டு வருடப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். வருடத் தொடக்கத்தில் "உன் இலக்கு என்ன?" என்று கேட்டால் 90 என்பார்கள், 95 என்பார்கள், சிலர் ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்வார்கள். இதெல்லாம் ஆசை. ஆசை நல்லதுதான், அது இல்லாமல் யாரும் மேசை முன்னால் உட்கார மாட்டார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு நீங்கள் உட்கார்ந்த பிறகு, எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று 95 சொல்லுமா? சொல்லாது. அதைச் சொல்வதுதான் இலக்கு. அதற்கான விவரம் முழுவதும் நீங்கள் மடித்து வைத்த அந்தத் தாளில் இருக்கிறது.

போன மதிப்பெண்ணை எண்ணுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி மதிய இடைவேளையில் வந்து நின்றாள். "மிஸ், எவ்வளவு படிச்சாலும் அறுபதைத் தாண்ட மாட்டேங்குது. எனக்குக் கணக்கு வராது மிஸ்." கண்ணில் தண்ணீர் நின்றது. "தாளை எடுத்துட்டு வாம்மா, பார்ப்போம்" என்றேன். 62 வாங்கியிருந்தாள். அந்த 62ஐப் பற்றிப் பேசாமல், போன 38 எங்கே போனது என்று இருவரும் பென்சிலோடு உட்கார்ந்தோம்.

மதிப்பெண் குறைந்த ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஓர் எழுத்து போட்டோம். பாடமே தெரியாமல் போனதென்றால் 'தெ'. படித்தது, ஆனால் மறந்துவிட்டது என்றால் 'ம'. தெரிந்த கணக்கில் கை சறுக்கியிருந்தால் 'ச'. கேள்வியைச் சரியாக வாசிக்காமல் வேறொன்றுக்குப் பதில் எழுதியிருந்தால் 'வா'. நேரம் போதாமல் விட்டிருந்தால் 'நே'. கூட்டிப் பார்த்தோம். தெ 7, ம 5, ச 13, வா 8, நே 5.

அவள் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு வராது என்று நம்பிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, தெரியாமல் போனது 7 மதிப்பெண் மட்டும். சறுக்கலும் வாசிப்பும் சேர்ந்து 21. அதாவது 83 வாங்கும் அளவுக்குப் பாடம் அவள் கையில் ஏற்கெனவே இருந்தது.

அந்த 13 சறுக்கலை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தோம். அதில் 8 மதிப்பெண் ஒரே தவறால் போயிருந்தது, நாலு வெவ்வேறு கணக்குகளில். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால், அடைப்பை நீக்கும்போது உள்ளே இருக்கும் இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறந்துவிடுகிறாள். எண்ணில் சொன்னால் 12 − (7 − 4) என்பதை 12 − 7 − 4 என்று எழுதி 1 என்று முடிக்கிறாள். சரியான விடை 9. அவளிடம் கேட்டால் விதியைத் தவறில்லாமல் சொல்வாள். கை மட்டும் அந்த இடத்தில் அவசரப்படுகிறது.

அன்று நாங்கள் எழுதிய இலக்கு இதுதான்: "அடுத்த ஆறு வாரம், அடைப்பை நீக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி கூடுதலாக எழுதுவேன். தினமும் அந்த வகையில் மட்டும் பத்துச் சின்னக் கணக்கு. எந்தக் கேள்வியானாலும், என்ன கேட்கிறார்கள் என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்ட பிறகுதான் பேனாவை விடைத்தாளில் வைப்பேன்." 95 என்ற பேச்சே இல்லை. அடுத்த தேர்வில் 75 வந்தது. மறுபடி எண்ணினோம். ச 4, வா 4. மற்ற மூன்றும் அப்படியே இருந்தன, ஏனென்றால் அவற்றை நாங்கள் இன்னும் தொடவில்லை. அடுத்த ஆறு வாரத்துக்கு வேலை தயாராக இருந்தது.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். தாள் வந்த அன்றே வேண்டாம். அன்று மனது மதிப்பெண்ணிலேயே நிற்கும். இரண்டு நாள் கழித்து, தனியாக, பென்சிலோடு உட்காருங்கள். ஒரு பாடத்துக்கு அரை மணி நேரம் போதும். மொழிப் பாடத்துக்கும் வரலாற்றுக்கும் எழுத்துகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்: கருத்து விடுபட்டது, ஆதாரம் சொல்லவில்லை, 'ஒப்பிடுக' என்று கேட்டதற்கு 'விவரித்து' வைத்தது, இப்படி. சறுக்கலுக்கும் தெரியாததற்கும் இடையே சந்தேகம் வந்தால் 'தெ' என்றே போடுங்கள். எல்லாவற்றையும் சறுக்கல் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளும் பிள்ளைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், அதே கணக்கைப் புத்தகம் இல்லாமல் இப்போது போட்டுப் பாருங்கள். வந்தால் சறுக்கல், வராவிட்டால் தெரியாதது.

ஒவ்வோர் எழுத்துக்கும் வேறு வைத்தியம்

எல்லாவற்றுக்கும் "இன்னும் நன்றாகப் படிக்கணும்" என்று ஒரே தீர்வைச் சொல்வதால்தான் பல மாணவர்கள் உழைத்தும் நகராமல் நிற்கிறார்கள்.

'தெ' அதிகமாக இருந்தால், அந்தப் பாடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பதில் பயன் குறைவு. பெரும்பாலும் அடித்தளம் ஒரு வருடம், இரண்டு வருடம் முன்னால் விட்டுப்போயிருக்கும். நுண்கணிதம் புரியவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் பின்னமும் அடுக்குக்குறியும்தான் தடுமாறுகின்றன. பழைய வகுப்புப் புத்தகத்தை எடுக்க வெட்கப்பட வேண்டாம். ஒரு வாரத்தில் சரியாகும் விஷயம் அது. ஆசிரியரிடம் போகும்போது "இந்தப் பாடமே புரியலை" என்று போகாமல், "மூணாவது வரி வரைக்கும் வந்துட்டேன், இங்கிருந்து இங்கே எப்படிப் போச்சு?" என்று போங்கள். இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு இரண்டே நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியும்.

'ம' அதிகமாக இருந்தால் படிக்கும் முறையையே மாற்ற வேண்டும். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே வைத்துச் சோதித்து 1885இல் வெளியிட்டார். அசைகளை முழுதாக மனப்பாடம் செய்து ஒரு நாள் விட்டுப் பார்த்தால், முதலில் போட்ட உழைப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமாகிறது. நம் பாடத்துக்குப் பொருள் உண்டு, அதனால் இவ்வளவு வேகமாக அழியாது. ஆனால் முதல் சில நாளில்தான் அதிகம் போகிறது என்பது நமக்கும் பொருந்தும். ஆகவே இன்று படித்ததை நாளை, அப்புறம் மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுத் திரும்பத் தொடுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் நாலு மணி நேரம் உட்காருவதைவிட, அதே நாலு மணி நேரத்தை இப்படிப் பிரித்துப் போட்டால் அதிகம் நிற்கும்.

தொடுவது என்றால் மறுபடி வாசிப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து எழுதுங்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வை என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். ஒரு குழு ஒரு பத்தியை நாலு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 40 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், நாலு சுற்றும் படித்தவர்கள்தான். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். மூடி வைத்தால்தான் எது உள்ளே போயிருக்கிறது என்று தெரியும். முதல் தடவை பாதித் தாள்கூட நிரம்பாது. பயப்படாதீர்கள், அந்த வெற்றிடம்தான் அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று காட்டுகிறது.

'ச' குறைய என்ன செய்வது என்று மேலே சொல்லிவிட்டேன்: எந்த அடியில் சறுக்குகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஓர் அடிக்கு மட்டும் பயிற்சி. கூடவே தூக்கம். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்னது. ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு வந்து எழுதும் பிள்ளையின் தாளில் சறுக்கல் எப்படிக் கூடுகிறது என்று என் கண்ணாலேயே பார்க்கிறேன். படிப்பு நேரத்தை முதலில் போட்டுவிட்டு மிச்சத்தில் தூங்காதீர்கள். அட்டவணையில் முதல் கட்டம் தூக்கத்துக்கு.

'வா'வுக்கு அடிக்கோடு போதும்.

'நே' இருந்தால் கடிகாரம் வைத்துப் பழக வேண்டும். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க 20 நிமிடம் ஒதுக்கினால் மிச்சம் 160 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.6 நிமிடம், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு 8 நிமிடம். இந்த எண் மனதில் இருக்க வேண்டும். எட்டு நிமிடம் தாண்டியும் முடியவில்லையென்றால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இதைத் தேர்வு அன்று புதிதாகச் செய்ய வராது, வீட்டில் ஆறேழு தடவையாவது செய்து பழக வேண்டும்.

இலக்கை எழுதும் விதம்

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு ஆய்வாளர்கள் இலக்குகளைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்தார்கள். "உன்னால் முடிந்ததைச் செய்" என்று சொல்வதைவிட, குறிப்பாகவும் கொஞ்சம் கடினமாகவும் ஓர் இலக்கைக் கொடுத்தால் மனிதர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. வீட்டில் அதிகம் சொல்லப்படும் வாக்கியம் அந்த முதல் வாக்கியம்தான்! அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

எழுதும்போது எப்போது, எங்கே என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைத்தான் வலியுறுத்தினார்: இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடும். "தினமும் வேதியியல் படிப்பேன்" என்று எழுதாமல், "பள்ளியிலிருந்து வந்து பையை வைத்ததும், போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, நேற்றைய வேதியியல் பாடத்தைப் பார்க்காமல் ஒரு பக்கம் எழுதுவேன்" என்று எழுதுங்கள். நீளமாக இருந்தால் பரவாயில்லை. உங்களுக்கு மட்டும் புரிந்தால் போதும்.

ஒரே நேரத்தில் மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். மூன்றையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி மேசையில் கண்ணில் படும்படி வையுங்கள். ஆறு வாரம் கழித்து அட்டையை மாற்றுங்கள்.

அப்புறம், எந்த வேலைக்கும் நீங்கள் நினைக்கும் நேரம் போதாது. எல்லோருக்கும் அப்படித்தான். 1994இல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டு வாங்கிய கணக்கைக்கூட அது தாண்டிவிட்டது. அதனால் செயல்திட்டமோ கட்டுரையோ, பத்து நாள் என்று தோன்றினால் பதினாறு என்று காலண்டரில் குறியுங்கள்.

கல்லூரி: பெயருக்கு முன்னால் படிப்பு

கல்லூரிக்கும் அதே வழிதான், கடைசியிலிருந்து பின்னோக்கி வருவது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் கல்லூரியின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே என்ன படிப்பு கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். நாலு வருடம் தினமும் உட்காரப் போவது அந்தப் பெயரில் இல்லை, அந்தப் பாடத்தில்.

நீங்கள் எடுக்க நினைக்கும் படிப்பின் பாடத்திட்டத்தைக் கல்லூரியின் இணையதளத்தில் தேடி எடுங்கள். முதல் வருடம் என்னென்ன பாடம், இரண்டாம் வருடம் என்ன என்று வரிசையாக இருக்கும். உளவியல் படிக்க ஆசைப்பட்ட ஒரு பையன் இப்படிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். "மிஸ், இதுல புள்ளியியல் இருக்கு!" மனிதர்களோடு பேசும் படிப்பு என்று மட்டும் நினைத்திருந்தான். நல்லவேளை, அவனுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. "இருந்தா என்னப்பா, நிகழ்தகவை இப்பவே பிடிச்சுக்கோ" என்றேன். அதற்குப் பிறகு அவன் நிகழ்தகவு வகுப்பில் கேட்ட கேள்விகள் வேறு ரகம்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். அந்தப் பாடத்தின் முதல் வருட வகுப்பு ஒன்றை முழுதாகக் கேளுங்கள். எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைப்பதாக 2001இல் அறிவித்தது. ஓப்பன்கோர்ஸ்வேர் என்று தேடினால் கிடைக்கும். ஒரு விரிவுரை கேட்டு, கூட இருக்கும் பயிற்சிக் கணக்கில் இரண்டு போட்டுப் பாருங்கள். எல்லாம் புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தீர்களா, இல்லை எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்பதுதான் கேள்வி. அந்த ஒரு மாலை, பத்துப் பேரிடம் ஆலோசனை கேட்பதைவிட அதிகம் சொல்லும்.

படிப்பு ஓரளவு தெளிவானதும் ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் கல்லூரிகள். மேலே: பள்ளியில் கட்டாயம் படித்திருக்க வேண்டிய பாடங்கள், நுழைவுத் தேர்வு உண்டா, தேவையான மதிப்பெண், கேட்கும் சான்றிதழ்கள், கடைசித் தேதி, படிப்பு முடியும் வரை மொத்தச் செலவு, உதவித்தொகை. கல்லூரியின் சொந்த இணையதளத்தில் கண்ணால் பார்த்ததை மட்டும் நிரப்புங்கள். பார்த்த தேதியையும் ஓரத்தில் எழுதுங்கள், விதிகள் வருடா வருடம் மாறும்.

முதல் கட்டத்தை நான் ஏன் முதலில் வைத்தேன் என்றால், ஒரு மாணவி கஷ்டமாக இருக்கிறதென்று இயற்பியலை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்திருந்தாள். அவள் ஆசைப்பட்ட படிப்புக்கு இயற்பியல் கட்டாயம் என்பது கடைசி வருடத்தில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரிந்தது. நன்றாகப் படிக்கிற பெண். வகுப்பில் யாருமே, நான் உட்பட, அவளிடம் முன்பே அதைக் கேட்டிருக்கவில்லை. ஒரு வருடம் தாமதமாகித்தான் சேர்ந்தாள். அன்றிலிருந்து பாடம் தேர்ந்தெடுக்கும் வயதிலேயே இந்தக் கட்டத்தைப் போட வைக்கிறேன்.

பட்டியலில் ஆறேழு கல்லூரி போதும். கிடைத்தால் பெரிய விஷயம் என்று இரண்டு, உங்கள் இப்போதைய நிலைக்குப் பொருந்துவது மூன்று, கண்டிப்பாகக் கிடைக்கும் என்று இரண்டு. இந்தக் கடைசி இரண்டைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். மனதாரப் போய்ப் படிக்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். வேண்டாவெறுப்பாக எழுதி வைத்த பெயர் ஆபத்துக்கு உதவாது.

செலவைப் பற்றி வீட்டில் சீக்கிரமே பேசுங்கள். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், தங்குமிடம், பயணம், புத்தகம் எல்லாம் சேர்த்து முழுப் படிப்புக்கும் கணக்குப் போடுங்கள். அம்மா அப்பாவிடம் "எவ்வளவு முடியும்?" என்று நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தெரிந்தால்தான் எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று திட்டமிட முடியும். பல உதவித்தொகைகளின் கடைசித் தேதி சேர்க்கைத் தேதிக்கு முன்பே முடிந்துவிடும்.

சான்றிதழ்களை இப்போதே எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டல், முதலெழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா? ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்துவதற்கு வாரக்கணக்கில் அலைய வேண்டி வரலாம். அந்த அலைச்சல் தேர்வு நேரத்தில் வரக் கூடாது.

பரிந்துரைக் கடிதமும் உங்கள் கட்டுரையும்

சில கல்லூரிகள் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் கேட்கும். எழுதிக் கொடுக்கும் பக்கத்தில் இருப்பவள் என்பதால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலாவது கேளுங்கள். நாளைக்கு வேண்டும் என்று வந்து நின்றால், உங்கள் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் என்னால் "ஒழுக்கமானவர், நன்றாகப் படிப்பவர்" என்றுதான் எழுத முடியும். அந்த வரியை எந்த மாணவருக்கும் எழுதலாம்.

கேட்கும்போது ஒரு பக்கம் குறிப்பு கொடுங்கள். எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள், ஏன், என் வகுப்பில் உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது, அதை எப்படிக் கடந்தீர்கள். அந்த 62 வாங்கிய பெண்ணுக்குக் கடிதம் எழுதியபோது ஒரு பெருமைச் சொல்கூட எனக்குத் தேவைப்படவில்லை. தன் தாள்களை ஒரு கோப்பில் வைத்திருந்தாள், ஓரத்தில் பென்சில் எழுத்துகளோடு. அவற்றைப் பார்த்துப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். நான் எழுதிய கடிதங்களிலேயே மிகச் சுலபமாக வந்தது அதுதான்.

மிக அதிக மதிப்பெண் கொடுத்த ஆசிரியரைத் தேடிப் போகாமல், நீங்கள் தடுமாறி எழுந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஆசிரியரிடம் கேளுங்கள்.

நீங்களே எழுத வேண்டிய கட்டுரைக்கும் இது பொருந்தும். "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்கும் கட்டுரையை வாசிப்பவர் அன்றைக்கு எத்தனை முறை வாசித்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாள், ஒரு இடம், நீங்கள் கையால் செய்த ஒரு வேலை, அங்கிருந்து தொடங்குங்கள். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் பேசவே பேசாத சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள்.

சேர்வதற்கு முந்தைய மாதங்கள்

இடம் கிடைத்ததும் பலர் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஓய்வு வேண்டும்தான், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: அங்கே "படிச்சியா?" என்று கேட்க யாரும் வர மாட்டார்கள். அதனால் யாரும் சொல்லித் தராத ஓர் அத்தியாயத்தை நீங்களாகவே வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கத்தை இப்போதே கொஞ்சம் கொண்டுவாருங்கள். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் போதும்.

குறிப்பெடுப்பதற்கு கார்னெல் முறையைப் பழகுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற ஆசிரியர் 1950களில் உருவாக்கியது. தாளின் இடப்பக்கம் மேலிருந்து கீழாகக் குறுகிய இடம் விட்டுக் கோடு போட வேண்டும். வகுப்பில் கேட்பதை வலப்பக்கம் எழுத வேண்டும். அன்று மாலை, வலப்பக்கம் இருப்பதற்கான கேள்விகளை இடப்பக்கம் எழுதி, கீழே இரண்டு வரியில் சாரத்தை எழுத வேண்டும். அப்புறம் வலப்பக்கத்தைக் கையால் மறைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம். மேலே சொன்ன மூடிப் பார்க்கும் படிப்பு, நோட்டிலேயே தயாராக இருக்கும்.

கல்லூரியில் முதல் தேர்வின் மதிப்பெண் பெரும்பாலும் பள்ளியில் வாங்கியதைவிடக் குறைவாகவே வரும். தேர்வு புதிது, திருத்தும் முறை புதிது. பெரும்பாலான பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க என்று வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். எந்த நாள், எந்த அறை என்று முதல் வாரமே குறித்து வையுங்கள். தாள் திரும்பி வந்ததும் இரண்டு நாள் விட்டு, ஓரத்தில் எழுத்துகளைப் போட்டுக் கூட்டுங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய், எந்த வரியில் நின்றுபோனீர்களோ அங்கே விரலை வைத்து, "இதுவரைக்கும் வந்தேன் சார், இதுக்கு அடுத்து எனக்கு வழி தெரியலை" என்று கேளுங்கள்.